சத்தம் போடாத பெல்ட்

கொதிக்கிற வண்டி ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றால், தம்பிகளே, முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள். அதிலிருந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். ரேடியேட்டரின் கொதிப்பு அரை மணியில் அடங்கிவிடும். இறங்குகிறவர்களின் கொதிப்புக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடினேன்.

உங்கள் பணிமனைக்கு வந்து அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்ததையும் கவனித்தேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஓய்வுபெற்றவனிடம் நிறைய இருப்பது நேரம். அதை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கத்தான் அவன் இப்படிக் கூட்டங்களுக்கு வருகிறான். அதனால் பேசியதோடு விடாமல், எழுதியும் தருகிறேன். வேண்டாதவர்கள் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு வண்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அது யுத்த காலம். எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று தேடிக்கொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குப் பதில் கரி, பிரேக் எண்ணெய்க்குப் பதில் விளக்கெண்ணெய், ரப்பருக்குப் பதில் தோல். பெரம்பலூர்ப் பட்டறையிலிருந்த நல்ல மெக்கானிக் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால், அவருக்குப் பதில் நான். எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் என்னை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். வேறு ஆள் இல்லாத ஊரில் பட்டம் சுலபமாகக் கிடைக்கும்.

விசிறியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காக இரண்டு வரி. எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட், முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றிவிடுகிறது. விசிறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்துத் தண்ணீரை ஆற்றுகிறது. பெல்ட் வழுக்கினால் விசிறி சோம்பிவிடும், தண்ணீர் கொதிக்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். அந்தக் காலத்தில் கடையில் ரப்பர் பெல்ட் கிடைக்காது. கிணற்றில் மாடு கட்டி இறைக்கிறார்களே கவலை, அதில் தண்ணீர் மொள்ளும் சாலுக்குத் தோல் வால் தைப்பவர்களே காருக்கும் தோலில் பெல்ட் தைத்துக் கொடுத்தார்கள். நன்றாகவே தைத்தார்கள். ஒரு பருவம் முழுக்கக்கூட வரும்.

பங்குனி மாதத்து முற்பகல். ரஞ்சன்குடிப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவருடைய காரை நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. டிரைவர் செல்லமுத்து எனக்குத் தெரிந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அதே பண்ணையில் கவலை மாடு ஓட்டிக்கொண்டிருந்தவரை, கை நிதானமாக இருக்கிறது என்று பார்த்து முதலாளி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்திருந்தார். மாட்டைக் குளிப்பாட்டுவது போலவே காரைக் குளிப்பாட்டுவார். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் இவர் முகம் வாடிவிடும்.

அன்று முதலாளி வண்டியில் இல்லை. முன்சீட்டில் அவருடைய கணக்குப்பிள்ளை. பின்சீட்டில் செல்லமுத்துவின் மனைவி அஞ்சலை. அவள் மடியில் அவர்களுடைய பெண் பூங்காவனம், ஆறு ஏழு வயதிருக்கும். கழுத்து வீங்கி, வாய் திறந்தபடி கிடந்தாள். அவள் மூச்சு எனக்கு வாசலிலேயே கேட்டது. ஈர மரத்தை மழுங்கின ரம்பத்தால் அறுக்கிற சத்தம்.

"என்னாச்சு செல்லமுத்தண்ணே?"

"தொண்டை அடைப்பானாம் மேஸ்திரி. இங்க டிஸ்பென்சரில இப்பத்தான் காட்டிட்டு வரோம். உள்ளாற சவ்வு வளந்து மூச்சை மூடுதாம். தொண்டையத் தொறந்து கொழா வெக்கணுமாம். அதுக்குண்டான டாக்டரு அரியலூர் ஆஸ்பத்திரிலதான் இருக்காராம். பொழுது சாயறதுக்குள்ள கொண்டு போயிடுன்னாரு."

"வண்டி?"

"கொதிக்குதுங்க. ஊர்லேருந்து வரதுக்குள்ளயே மூணு தடவ நின்னுட்டேன். தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டியாந்தேன். இப்ப கடத்தெருவுல மறுபடியும் பொங்கிடுச்சு."

முதலாளி நல்ல மனுஷர். டிரைவர் மகளுக்கு என்றதும் காரையும், ரேஷனில் வாங்கி வைத்திருந்த பெட்ரோலையும் கொடுத்துவிட்டார். கூடவே காரைப் பார்த்துக்கொள்ளக் கணக்குப்பிள்ளையையும் ஏற்றி அனுப்பியிருந்தார். கணக்குப்பிள்ளைக்குக் காரைப் பற்றித் தெரிந்தது, அது முதலாளியுடையது என்பது மட்டும்.

"ரேடியேட்டர்ல அடைப்புப்பா" என்றார் அவர். "நான் ஊர்லயே சொன்னேன். கழட்டிப் பாத்துடு. அத விட்டுட்டு இப்படியே ஓட்டி எஞ்சின் போயிடுச்சுன்னா, யாரு முதலாளிக்குப் பதில் சொல்றது?"

"கழட்டினா சாயங்காலம் ஆயிடுமுங்களே ஐயா" என்றார் செல்லமுத்து.

"அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

காலை பஸ் போய்விட்டது. அடுத்தது மாலையில். மாட்டு வண்டி கட்டினால் அரியலூர் போய்ச் சேர இருட்டிவிடும்.  அஞ்சலை முந்தானையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என் கை தானாக ஸ்பேனர் பெட்டிக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. கொதிப்புக்கான காரணங்கள் என்று அதில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதல் வரி, ரேடியேட்டர் அடைப்பு. கணக்குப்பிள்ளையும் புத்தகமும் ஒத்துப்போனால் நான் யார் மறுக்க? அதுவும் அவசரத்தில் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பது மனசுக்கு ஆறுதல். சுற்றி நிற்பவர்களுக்கும் ஏதோ நடக்கிறது என்று நிம்மதி. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் பிறகு மூளை ஸ்பேனர் சொன்னபடிதான் கேட்கும்.

அப்போது பின்சீட்டில் அந்த ரம்பச் சத்தம் நின்றது. ஒரு கணம்தான். அஞ்சலை பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, "அம்மாடி, இழு... இழு" என்றாள். சத்தம் மறுபடியும் வந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ரேடியேட்டரை நான் கழற்றினால், அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தப் பிள்ளை பட்டறை வாசலிலேயே இருக்கும். கழற்றாமல் என்ன பார்க்க முடியுமோ அதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். துணிச்சல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம்தான் அப்படி முடிவு செய்தது.

சற்று ஆறவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; முறுக்காக இருந்தது. எஞ்சினை ஓட்டச் சொன்னேன், விசிறி சுற்றியது. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கிறது என்றால், சரி என்று நாம் நினைப்பதில் ஏதோ ஒன்று சரியில்லை.

"அண்ணே, நல்லா அழுத்துங்க" என்றேன்.

செல்லமுத்து அழுத்தினார். எஞ்சின் அலறியது. அந்த வேகத்தில் விசிறி கண்ணுக்கே தெரியக்கூடாது. தட்டு மாதிரி ஒரே பனிமூட்டமாகத் தெரியவேண்டும். இங்கே இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. எஞ்சின் ஓடுகிறது, விசிறி உலாத்துகிறது. ஆக, பெல்ட் வழுக்குகிறது. ஆனால் வழுக்குகிற பெல்ட் வாலை மிதித்த பூனை மாதிரி கத்துமே, இது ஏன் கத்தவில்லை? முறுக்காகவும் இருந்து, வழுக்கவும் செய்து, சத்தமும் போடாத பெல்ட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

குனிந்து பார்த்தேன். சூட்டோடு ஒரு கசப்பு வாடை முகத்தில் அடித்தது. புங்கெண்ணெய். வண்டி வந்த நேரத்திலிருந்தே அந்த வாடை வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கழுத்தில் ஏதோ பற்றுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட செல்லமுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "பெல்ட்டைச் சந்தேகப்படாதீங்க மேஸ்திரி. விடியக்காலையிலயே எழுந்து புங்கெண்ணெ போட்டு நல்லா உருவி விட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன். தோலு காஞ்சு கெடந்துச்சு. புள்ளைய வெச்சிக்கிட்டு நடுவழில அந்துடக் கூடாது பாருங்க."

நம் பக்கத்தில் கவலை இறைக்கிற வீட்டில் பிறந்தவன் எவனும் இதைத்தான் செய்வான். சாலின் தோல் வாலுக்கு எண்ணெய் போடாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும்; வெடித்தால் பயிர் போச்சு. எண்ணெய் போடாதவனைச் சோம்பேறி என்பார்கள். பெல்ட்டும் அதே தோல். அதே கை தைத்தது. ஆனால் சாலின் வால் வழுக்கலாம், தண்ணீர் கொட்டுவதற்கு அது உதவும். பெல்ட் பிடிக்கவேண்டும். தன் வீட்டுக் கிணற்றடியில் கற்ற நல்ல பழக்கத்தை, மகளுக்காக, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தாராளமாக அந்த மனிதர் செய்திருந்தார். அதனால்தான் அவள் இன்னும் பெரம்பலூரிலேயே இருந்தாள்.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்டுபிடித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. இது நம் தொழிலின் வியாதி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம்தான் அரியலூர் வரை ரோட்டைப் பார்க்கவேண்டும்.

நீயே ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது ஓட்டத் தெரிந்தது பட்டறை வாசலிலிருந்து எதிரே இருந்த புளியமரம் வரை. அந்த மரத்தின் பட்டையைப் பார்த்தவர்கள் யாரும் என்னிடம் பிள்ளையைக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள்.

"அதெல்லாம் சரிதான் அண்ணே" என்றேன். "தோல் கொஞ்சம் நீண்டிருக்கு. ஒரு துண்டு வெட்டிச் சேர்த்துடறேன். நீங்க போயி கிணத்துலேருந்து ரெண்டு டின் தண்ணி எடுத்தாங்க, வழிக்கு வேணும்."

அவர் ஓடினார். பெல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தேன். துணி மஞ்சளாக ஊறி வந்தது. பக்கத்து டீக்கடை அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து பெல்ட்டின் உட்புறம் தேய்த்தேன், மறுபடி துடைத்தேன், மறுபடி சாம்பல். கணக்குப்பிள்ளை தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, எண்ணெயா வருது? அப்ப அந்தப் பய போட்ட எண்ணெயாலதான் இவ்வளவும்..."

"ஐயா" என்றேன், மெதுவாக. "இங்கேருந்து அரியலூர் வரைக்கும் அவருதான் ஓட்டணும். இல்ல, நீங்க ஓட்டறீங்களா?"

கணக்குப்பிள்ளை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிணற்றுப் பக்கம் பார்த்தார். அஞ்சலை காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். கணக்குப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தி" என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் எத்தனையோ கேலி பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டதை நினைத்தால் அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றுகிறது. முக்கால்வாசியையாவது.

செல்லமுத்து தண்ணீரோடு வந்தபோது பெல்ட் ஏறியிருந்தது. பட்டறையில் கிடந்த ஒரு தோல் துண்டை, வெட்டினது என்று காட்டினேன். "இவ்வளவு நீண்டிருந்துச்சு." பொய்க்குச் சாட்சி இருந்தால் அது மரியாதையாக நின்றுவிடுகிறது. எஞ்சினை அலறவிட்டுப் பார்த்தோம். இறக்கைகள் மறைந்து, தட்டு தெரிந்தது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தோலுக்குள் ஊறின எண்ணெய் சூட்டில் மறுபடி மேலே வரும். அதனால் பானெட்டின் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிப் பட்டறையிலேயே போட்டுவிட்டு, முன் மட்கார்டின் மேல் ஏறி விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். திருவிழாவில் சப்பரத்தில் வைத்த பொம்மை மாதிரி இருந்திருப்பேன். வழியில் வயலில் நின்றவர்கள் கும்பிடத்தான் இல்லை.

கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. சாலை வெள்ளைப் புழுதி. அனல் காற்று. பாதி தூரத்துக்கு மேல் வந்திருப்போம். ஒரு ஏரிக்கரை மேடு வந்தது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது எனக்கு இறக்கைகள் தெரியத் தொடங்கின. மூடியில் ஆவி. மேட்டின் உச்சியில் கையைத் தூக்கினேன். செல்லமுத்து நிறுத்தி, வழக்கம்போல எஞ்சினை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க! ஓடட்டும். காத்து எதிர்ல வருது, அப்படியே நிக்கட்டும்" என்று கத்தினேன். அணைத்தால் விசிறியும் நின்றுவிடும். காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நிதானமாக ஓடவிட்டால் ஆறும் என்பது என் கணக்கு. புத்தகத்தில் இருந்ததா, நானே நினைத்துக்கொண்டதா என்று இன்றுவரை தெரியாது. கையோடு கட்டிக்கொண்டு வந்திருந்த சாம்பல் பொட்டலத்தை எடுத்துப் பெல்ட்டின் உட்பக்கம் தூவினேன்.

திரும்பிப் பார்த்தால், செல்லமுத்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார்.

"சூட்டுல தோலு காஞ்சிருக்கும் மேஸ்திரி. ஒரு சொட்டு தொட்டு வெச்சிடறேன்."

"வேணாம்."

"ஒரு சொட்டுதாங்க. அந்துச்சுன்னா இந்தக் காட்டுல..."

கையை நீட்டினார். நான் டின்னைப் பிடுங்கினேன். கொஞ்சம் வேகமாகவே பிடுங்கிவிட்டேன். எண்ணெய் என் முழங்கையில் வழிந்தது. பின்சீட்டில் அந்தப் பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றது போல் நிறம் மாறியிருந்தது. செல்லமுத்து என் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி எழுந்தது.

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல அண்ணே" என்றேன். "ஆவி அடங்கிடுச்சு. ஏறுங்க. மெதுவா, ஆனா நிறுத்தாம போங்க."

கேள்வி அவர் கண்ணிலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் ஏறினார். டின்னைக் கணக்குப்பிள்ளை மடியில் வைத்து, "கெட்டியா பிடிச்சுக்குங்க ஐயா" என்றேன். வெள்ளை வேட்டி. மனுஷர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அது கொதித்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை. அஞ்சலை இறங்கி ஓடினாள். செல்லமுத்துவை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.   கணக்குப்பிள்ளை தன் வேட்டியில் எண்ணெய்க் கறையை மடித்து மறைப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நெடுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, "புள்ளைக்கு அப்பா யாரு?" என்று கேட்டார்.  கணக்குப்பிள்ளைதான் செல்லமுத்துவின் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார்.

"கொழா வெச்சாச்சு. மூச்சு வருது. போய்ப் பாருங்க" என்றார் நர்ஸ்.

இதோடு முடித்துக்கொண்டால் நான் ஒரு கெட்டிக்காரன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது. ஆனால் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

பிள்ளை பிழைத்தாள். குழாயை எடுத்தபின் குரல் மட்டும் கரகரத்துப் போயிற்று. முதலாளி என்னிடம் காரணம் கேட்டார். தோல் நீண்டுவிட்டது என்றேன். எங்கிருந்தோ ஒரு பழைய ரப்பர் பெல்ட்டைத் தேடிப்பிடித்து மாட்டிவிட்டு, ரப்பரை எதுவும் செய்யக்கூடாது என்று செல்லமுத்துவிடம் பொதுவாகச் சொல்லிவைத்தேன். விஷயத்தை நாசூக்காக முடித்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

கொஞ்ச நாளில் கணக்குப்பிள்ளை ஒரு வேலையாக டவுனுக்கு வந்தவர் சொன்னார். "அவன் பானெட்டையே தொறக்க மாட்டேங்கறான்பா. தண்ணி ஊத்தறதுக்குக்கூட ஆளத் தேடறான். கியர் போடறதுக்கு முன்னாடி கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். முதலாளி வேற டிரைவர் பாக்கச் சொல்லிட்டாரு."

அதற்கடுத்த வாரம் செல்லமுத்துவே வந்தார். டாக்டரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. பூங்காவனம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பட்டறைக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"வண்டிய விட்டுடறேன் மேஸ்திரி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மறுபடி மாட்டையே ஓட்டிக்கிறேன்."

"ஏன் அண்ணே?"

"அன்னிக்கு நான் ஏதோ பண்ணிட்டேன். என்னான்னு யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. கணக்கய்யாவக் கேட்டா வானத்தப் பாக்கறாரு. நீங்க தோலு நீண்டுடுச்சுன்னீங்க. நீண்டதுக்கு ஏங்க அந்த டின்னப் புடுங்கினீங்க?" அவர் குரல் உயரவில்லை. "தண்ணி ஊத்தினது தப்பா, அழுத்தி ஓட்டினது தப்பா, எண்ணெ தப்பா, கிளம்பறப்பவே எதையாவது வுட்டுட்டேனா, ஒண்ணும் புரியல. எதத் தொட்டாலும் இதுவா இருக்குமோன்னு கை நடுங்குதுங்க. இந்தக் கையால இனிமே எந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போவேன்?"

பட்டறை வாசலில் நான் வாயை மூடிக்கொண்டது பிள்ளைக்காக. ஏரிக்கரையில் மூடிக்கொண்டதும் பிள்ளைக்காக. அதற்குப் பிறகு இத்தனை நாள் மூடிக்கொண்டிருந்தது யாருக்காக? ஒரு தகப்பனிடம் அதைச் சொல்லும் நேரத்தில் எதிரே நிற்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சங்கடத்தைத்தான் இரக்கம் என்று பெயர் வைத்துப் பொத்தி வைத்திருந்தேன். நாம் ஒரு காரணத்தை மறைத்தால், எதிராளி மற்ற எல்லாவற்றையும் காரணமாக எடுத்துக்கொள்கிறான். பழுது இருக்கும் ஓர் இடத்தைக் காட்டாமல் விட்டால், அவனுக்கு வண்டி முழுதும் பழுதாகிவிடுகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவர் அங்கே நின்ற விதத்தில்தான் படித்தேன்.

"எண்ணெதான் அண்ணே" என்றேன். "பெல்ட்டு பிடிச்சாத்தான் விசிறி சுத்தும். தோல்ல எண்ணெ ஏறினா வழுக்கிடும். சாலுக்கு நல்லது, இதுக்கு ஆகாது. அன்னிக்கே எனக்குத் தெரியும். வண்டிய நீங்கதான் ஓட்டணுமேன்னு சொல்லாம விட்டேன்."

அவர் காரில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். 

"அப்ப எம் புள்ள கொரலு?"

"அது எனக்குத் தெரியாது. இங்க டிஸ்பென்சரி டாக்டரைப் பார்த்தப்ப கேட்டேன். இந்த நோவே கொரலை வாங்கிடும், லேட்டானாலும் வாங்கும், எதால போச்சுன்னு தன்னாலயே சொல்ல முடியாதுன்னாரு. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னா அது பொய். உங்களாலதான்னு சொன்னாலும் பொய். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது பெல்ட்டு மட்டும்."

"எண்ணெ மட்டுந்தானா?"

"எண்ணெ மட்டும்தான். கொதிச்ச உடனே ஒவ்வொரு தடவையும் நிறுத்தினீங்களே, அதனாலதான் எஞ்சின் பிழைச்சுது. இழுத்துப் புடிச்சு ஓட்டியிருந்தா வண்டி பெரம்பலூருக்கே வந்திருக்காது. தண்ணி ஊத்தினது சரி, ஓட்டினது சரி. மத்ததெல்லாம் சரி."

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் ஸ்பேனர் எதையும் கையில் எடுக்காமல், எங்கேயும் போகாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த வேலை அவ்வளவுதான்.

காரிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். கரகரத்த குரல், பெரிய மனுஷி குரல் மாதிரி இருந்தது.

"எப்பா, வூட்டுக்குப் போலாம்ப்பா. பசிக்குது."

"தோ வந்துட்டேம்மா" என்றார்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. காருக்கு முன்னால் போய் நின்றார். சற்று யோசித்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் அழுந்தத் துடைத்தார். விரித்துப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை துடைத்துக்கொண்டு, பானெட்டைத் தூக்கினார்.